கடல்மல்லை: கல்லும் கதையும் – 7. முடிவு தெரிந்த முன்கதை

பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் பதுங்க வைத்தான் சாளுக்கிய மன்னன் புலிகேசி என்று 634ஆம் ஆண்டின் ஐஹொளே கல்வெட்டில் பெருமையோடு பாடிவைத்தார் ரவிகீர்த்தி. எட்டே ஆண்டுகள். 642இல் புலிகேசியின் தலைநகர் வாதாபி பல்லவர் கையில்! இடையில் நடந்தது என்ன என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

கூரம் செப்பேடு சுருக்கமாக விடை சொல்கிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் நரசிம்மவர்மன் வென்றான், புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகில் வெற்றி என்ற சொல்லையே எழுதினான், வாதாபியை அழித்தான். ஆனால் வென்றவன் நெஞ்சில் என்ன இருந்தது? செப்பேட்டில் அதற்கு இடமில்லை. அந்த இடத்தை நிரப்ப, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு வாரப் பத்திரிகைத் தொடர் வந்தது.

1941இல் பிறந்த 'கல்கி' இதழின் முதல் சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அதில் மாமல்லர் என்னும் நரசிம்மவர்மன் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி. அவர் படைத்தலைவர் பரஞ்சோதி ஏற்கெனவே சிறுத்தொண்டர் என்ற அடியார். வாதாபிப் போர் பழங்கதை. அதன் பிறகுதான், 1944 முதல் 1946 வரை, ஆசிரியர் கல்கி பின்னோக்கி நடந்து 'சிவகாமியின் சபதம்' எழுதினார். மாமல்லன் வெல்வான், வாதாபி எரியும், பரஞ்சோதி வாளைத் துறப்பார். முந்தைய தொடரைப் படித்த வாசகருக்கு இத்தனையும் முன்பே தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு வாரந்தோறும் எதற்காகக் காத்திருப்பது?

இதே சோதனையை ஹாலிவுட்டும் சந்தித்தது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸ், 1999 முதல் 2005 வரை மூன்று முன்கதைப் படங்கள் எடுத்தார். அனகின் என்ற சிறுவன் டார்த் வேடர் என்ற கொடியவனாக மாறப்போவது உலகுக்கே தெரியும். விறைத்த வசனம், அளவுக்கு மீறிய கணினிக் காட்சிகள் என்று வசை பொழிந்தது. குறைகள் உண்மைதான். ஆனால் சிறுவயதில் அவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வேறொன்றைக் கண்டது: ஒரு குடியரசு கைதட்டலோடு சர்வாதிகாரத்திடம் தன்னை ஒப்படைக்கும் துயரம். 2024இல் முதல் படம் மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது வரவேற்பு இருந்தது.

'சிவகாமியின் சபதம்' நாவலிலும் குறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. புலிகேசியோடு உருவம் ஒத்த நாகநந்தி, சரித்திரம் அறியாத பாத்திரம். அவரை நம்பிப் பல திருப்பங்கள் நிற்கின்றன. நான்கு பாகங்களில் சில இடங்கள் நீள்கின்றன. இருந்தும் இன்று திரும்பப் படிக்கும்போது அந்த நாவல் உயர்ந்தே தெரிகிறது. வாதாபியில் சிறைப்பட்ட காதலி சிவகாமி, ஊர் எரியும்வரை வரமாட்டேன் என்ற சபதத்தால், மாறுவேடத்தில் வந்து அழைக்கும் மாமல்லனோடு போக மறுக்கிறாளே, அந்த ஒரு மறுப்பில் பல்லவர் வெற்றி முழுவதும் கசந்துவிடுகிறது. சபதம் நிறைவேறி அவள் திரும்பும்போது அவன் பாண்டிய இளவரசியின் கணவன். அவள் ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணிக்கிறாள்.

இதைப் படித்தபின் 'பார்த்திபன் கனவை' மறுபடி எடுத்துப் பாருங்கள். சிவனடியார் வேடத்தில் தனியே அலையும் அந்த முதிய மாமல்லர் வேறு மனிதராகத் தெரிவார். 1960இல் வந்த திரைப்படத்தில் எஸ். வி. ரங்காராவ் ஏற்ற வேடம் அது. மாமல்லரின் நீதிக்கும் நிதானத்துக்கும் பின்னால் எரிந்த ஊர் ஒன்றும் இழந்த பெண் ஒருத்தியும் இருக்கிறார்கள். முதலில் எழுதிய கதைக்குப் பிறகு எழுதிய கதை உயிர் கூட்டுகிறது. நல்ல முன்கதையின் பயன் அதுதான். குறைகளைத் தாண்டி அதை நேசிக்கக் காரணமும் அதுதான்.

ஆனால் மாமல்லன் காலத்தில் மாமல்லபுரம் செதுக்கப்படுவதாகக் காட்டும் இந்த நாவலின் அஸ்திவாரத்தையே அசைக்கும் கேள்வி 1962இல் எழுந்தது. மாமல்லபுரத்துக் கோயில்களையும் சிற்பங்களையும் படைத்தவன் மாமல்லனே அல்ல. அவன் கொள்ளுப்பேரன் ராஜசிம்மனே அத்தனையையும் செய்வித்தான் என்று வாதிட்டார் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி. அப்படியானால் மாமல்லன் காலத்து உளியோசை வெறும் கற்பனையா?

விடை தேடி மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் முன் நிற்போம். கீழ்த்தளத்தில் வெட்டிய பட்டப்பெயர்களில் ஒன்று 'ஸ்ரீ நரசிம்ம'. கல்லே மாமல்லன் பக்கம் பேசுகிறதே என்று மகிழ்கிறோம். ஆனால் ராஜசிம்மனின் இயற்பெயரும் நரசிம்மவர்மன்தான்! இனி மேல்தளத்துக்கு ஏறுங்கள். இக்கோயில் 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்' என்கிறது அங்குள்ள எழுத்து.

கீழே நரசிம்மன், மேலே அத்யந்தகாமன். இருவரும் ஒருவரா? இல்லை, ஒருவன் தொடங்கிய ரதத்தில் இன்னொருவன் தன் பெயரைப் பொறித்துக்கொண்டானா?

(தொடரும்)