குன்றேறிக் கடல் பார்த்தல்: விசாகப்பட்டினம் செல்லும் மாணவர்க்கு

விசாகப்பட்டினத்துக்கு விடுமுறைப் பயணம் செல்வோரின் பட்டியல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. முதல் நாள் ராமகிருஷ்ணா கடற்கரையும் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமும். மாலையில் கைலாசகிரி ரோப்வே. மறுநாள் அரக்கு ரயில். நேரம் மிஞ்சினால் சிம்மாசலத்தில் ஒரு கும்பிடு. தூரத்தையும் நேரத்தையும் மட்டும் கணக்கிட்டு அமைந்த இந்த வரிசை, அந்நகரம் ஏன் அவ்விடத்தில் தோன்றியது என்னும் கேள்வியைத் தொடுவதே இல்லை.

இந்தியக் கிழக்குக் கரையின் பெரும்பகுதி தட்டையானது. காவிரி, கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களில் கடலிலிருந்து கரையை இனம் காண்பதே மாலுமிக்கு வேலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைக்குன்றுகள் அலைவாய்வரை நீண்டு நிற்கும் விசாகப்பட்டினத்தில் அந்தச் சிக்கல் இல்லை, குன்றே அடையாளம். இன்று 'காட்சி' என விற்கப்படும் அந்த உயரம், நெடுங்காலம் ஒரு கருவியாகவே பயன்பட்டு வந்தது. ஆகவே வரலாற்று மாணவர் தம் பயணத்தைக் குன்று குன்றாகத் திட்டமிடுவது நல்லது.

முதலில் தொட்லகொண்டா. பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில், நகரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. 1970களில் கடற்படை தன் தேவைக்காக வான்வழி அளவாய்வு செய்தபோது இங்குள்ள இடிபாடுகள் கவனத்துக்கு வந்தன. 1988 முதல் 1993 வரை ஆந்திரத் தொல்லியல் துறை அகழ்ந்தது. ஸ்தூபங்கள், துறவியர் அறைகள், உணவுக்கூடம் ஆகியவற்றோடு சாதவாகனர் காசுகளும் ரோமானிய வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. வந்தவர்கள் நேரே மகா ஸ்தூபத்துக்கு நடந்து படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அதை விடவும் முதலில் நின்று பார்க்க வேண்டியவை, பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள். குன்றுக்கே அவற்றால்தான் பெயர். தெலுங்கின் 'தொட்டி'யும் தமிழின் தொட்டியும் ஒன்றே. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது பௌத்தத் துறவியர்க்கு விதி. அந்த மழையையே பாறையில் தேக்கி, ஆண்டின் எஞ்சிய மாதங்களைக் கடத்தியிருக்கிறார்கள். அருகிலுள்ள பாவிகொண்டாவின் பெயரிலும் நீர்தான் இருக்கிறது: 'பாவி' என்றால் கிணறு, நம் 'வாவி'க்கு உறவான சொல்.

இக்குன்றைச் சுற்றியுள்ள நிலத்தை நடந்து ஆய்ந்த லார்ஸ் ஃபோகெலின், துறவியர் நாடிய தனிமைக்கும் அவர்களைத் தாங்கிய உலகியல் மக்களுக்கும் இடையிலான இழுபறியைத் தம் 2006ஆம் ஆண்டு நூலில் விவாதிக்கிறார். குன்றின்மேல் நின்றால் அந்த விவாதம் கண்முன்னே விரியும். ஊரிலிருந்து விலகிய உயரம். ஆயினும் கடலில் செல்லும் எந்தக் கலத்துக்கும் தெரியும் உயரம். நிழல் குறைவு என்பதால் காலை 9 மணிக்கு முன் ஏறுவது நலம். பார்ப்பவை அனைத்தையும் பழைய கட்டுமானம் என்று கொள்ளவும் கூடாது. அகழ்வுக்குப் பின் சீரமைத்த பகுதிகள் உண்டு, 2019 அக்டோபர் மழையில் மகா ஸ்தூபத்தின் ஒரு பகுதி சரிந்ததும் உண்டு. பழைய செங்கல்லையும் புதிய செங்கல்லையும் பிரித்தறிய முயல்வது கள ஆய்வு மாணவர்க்கு நல்ல பயிற்சி.

அடுத்தது சிம்மாசலம். தமிழ் மாணவர் பலர்க்குக் கலிங்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது பரணி பாடிய போர்க்களம். கல்வெட்டுகள் காட்டும் கலிங்கம் வேறு முகம் கொண்டது. விசாகப்பட்டினத்தில் கிடைத்த 1090ஆம் ஆண்டுக் கல்வெட்டுச் சான்றில் ஊரின் மறுபெயர் குலோத்துங்கசோழப்பட்டினம். அதில் கொடையாளராக வருபவர் அஞ்சுவண்ணத்தைச் சேர்ந்த, மாதோட்டத்து வணிகர். அஞ்சுவண்ணம் மேலைக் கடலிலிருந்து வந்த வணிகர்களின் குழு. மாதோட்டம் ஈழத்தின் மன்னார்க் கரையில் உள்ளது. சோழன் பெயர் தாங்கிய கலிங்கத் துறைமுகத்தில் ஈழத்துப் பட்டினத்து வணிகர் ஒருவர்! போர் நூல் மட்டும் படித்தவர்க்கு இவ்வுலகம் தெரிய வழியில்லை. சிம்மாசலக் கோயிலின் பழமையான கல்வெட்டும் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, பொ.ஆ. 1098–99. தாய்வழியில் சோழனும் தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியனுமான அவனை இங்கே 'அயலான்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இன்று காணும் கோயிலின் முதன்மைப் பகுதி 13ஆம் நூற்றாண்டுக் கீழைக் கங்கர் பணி. கஜபதியோடு நடந்த போரை ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் 1516இலும் 1519இலும் வந்து கொடையளித்தார். ஆண்டில் ஒரே நாள், வைகாசத் திருதியையில், மூலவர் மீதுள்ள சந்தனக்காப்பு களையப்படும். அன்று தரிசிக்க விரும்புவோர் செல்லட்டும். கல்வெட்டும் சிற்பமும் பார்க்க விரும்புவோர் அந்நாளைத் தவிர்ப்பதே அறிவு. நெரிசலில் தூண் தெரியாது. கடலருகே இருந்தும் கோயில் மேற்கு நோக்கியது என்பதையும் கவனிக்கலாம்.

பீமுனிப்பட்டினத்தின் டச்சுக் கல்லறைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வரும்வரை அது டச்சுக்காரர் துறை.

டால்பின்ஸ் நோஸ் குன்றுக்குத்தான் ஒரு முழுப் பிற்பகல் வேண்டும். துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. 1804 செப்டம்பரில் 'செஞ்சூரியன்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல்கள் தாக்கியதும் அந்த நிலையில்தான். மத்திய மாகாணங்களின் மாங்கனீசுக்கு ஒரு கடல்வழி தேவைப்பட்டபோதே, இக்குன்றின் பின்னாலிருந்த சதுப்பு நிலம் துறைமுகமாகத் தோண்டப்பட்டது. தென்மேற்குப் பருவத்தின் அலைகளைக் குன்று தடுத்தது. போதாத இடத்தில் இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைதடுப்பு அமைத்தார்கள். 1931இல் ராய்ப்பூர்–விஜயநகரம் ரயில்பாதை முடிந்தது. 1933 டிசம்பரில் வில்லிங்டன் துறைமுகத்தைத் திறந்து வைத்தார். 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசக் காரணமும் இதே துறைமுகம். குன்றின் பெரும்பகுதி கடற்படைக் கட்டுப்பாட்டில் இருப்பதால், கலங்கரை விளக்கம் செல்வோர் அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். வாயில் அடைத்திருந்தால் எதிர்க்கரையில் ராஸ் ஹில் ஏறலாம். மாதா கோயில், தர்கா, வேங்கடேசர் கோயில் ஆகிய மூன்றும் அடுத்தடுத்த குன்றுகளில் நின்று கப்பல் நுழையும் கால்வாயைப் பார்த்திருக்கின்றன.

அரக்குப் பாதையையும் இவ்விழையிலேயே வைத்துப் பார்க்கலாம். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் அமர்ந்து பள்ளத்தாக்கைப் படமெடுப்போர் பலர்க்கு, அப்பாதை 1960களில் பைலடிலா இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு அனுப்ப மலையைக் குடைந்து போட்டது என்பது தெரியாது. எதிரே வரும் சரக்கு ரயில்களை எண்ணினாலே பாதை யாருக்காகப் போடப்பட்டது என்று விளங்கும்.

பருவம் பற்றி ஒரு சொல்: அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள், 2014 அக்டோபர் 12இல் ஹுட்ஹுட் இந்நகரைத்தான் தாக்கியது. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை ஏற்ற காலம். ஆண்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் நல்லது. ருஷிகொண்டாவில் சுற்றுலாத் திட்டத்தின் பெயரால் மலைச்சரிவு வெட்டப்பட்டது ஆந்திர உயர் நீதிமன்றம்வரை சென்ற வழக்கு. தொட்லகொண்டாவின் பாதுகாப்பு எல்லை எவ்வளவு என்பதிலும் பூசல் ஓய்ந்தபாடில்லை. செல்லும் மாணவர் ஸ்தூபத்தை மட்டுமன்றி, வேலிக்கு வெளியே உள்ள சரிவுகளையும் தேதியிட்டுப் படமெடுத்து வரலாம். தொட்டிகளுக்கு நீர் வந்தது அந்தச் சரிவுகளின் மழையிலிருந்துதான்.