மந்தைவெளி

சென்னையில் மந்தைவெளி என்றால் பேருந்து நிலையமும் பறக்கும் ரயிலும்தான் நினைவுக்கு வரும். மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த வெளி அது. அந்தப் பேட்டைக்கு மட்டும் உரிய பெயர் என்று நினைக்க வேண்டாம். கிராம நிலப் பதிவேடுகளில் நத்தம், களம், மேய்க்கால் என்ற வரிசையில் மந்தைவெளியும் வரும்.

மந்தை என்றால் கால்நடைக் கூட்டம். கூட்டம் வந்து நிற்கும் இடத்துக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. மதுரை, தேனிப் பக்கம் மந்தை என்பது ஊர்ப் பொதுவிடம். மந்தையம்மன் குடியிருப்பதும் ஊர்க்கூட்டம் நடப்பதும் அங்கேதான். மன்று என்ற சொல்லுக்கும் அகராதிகள் சபை, பசுத்தொழுவம் என இரு பொருளும் தருகின்றன. மாடு கூடிய இடத்தில்தான் மனிதரும் கூடியிருக்கிறார்கள். நீலகிரிப் புல்வெளியில் தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். வீடுகளும் எருமைத் தொழுவமும் பால் கோயிலும் அங்கே அருகருகே இருக்கின்றன.

பள்ளியில் படித்த பிரெய்ரி, ஸ்டெப்பிப் புல்வெளிகள் கண்ணுக்கெட்டாத பரப்பு. சென்னையும் காஞ்சிபுரமும் அடங்கிய தொண்டை மண்டலத்துப் புல்வெளியோ ஏரிக்கும் வயலுக்கும் ஊருக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது. மழைக்குப் பின் அருகும் கோரையும் தழைக்கும். கோடையில் ஏரி வற்றினால் அதன் உள்வாயே மேய்ச்சல் நிலம்.

இந்த மண்ணைப் பார்க்க வருகிறவர்கள் 1017இல் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்து, ஒரகடம் சாலையில் வல்லக்கோட்டை முருகனையும் தரிசிக்கலாம். காஞ்சிபுரத்தில் கோவில் இட்லியைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைப்பார்கள். வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் அந்த இட்லியில் நெய் மணக்கும். மேய்ச்சல் இல்லாமல் நெய் ஏது?

அதே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரிவது அவற்றால்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தி நேரத்தில் லாரிகளுக்கு நடுவே சாலைத் தடுப்பை ஒட்டிப் படுத்து அசைபோடும் மாடுகளுக்கும் ஒரு வெளி வேண்டும்.

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொன்னது. தென்னாட்டுப் பொது நிலத்துக்கு அந்தத் தீர்ப்பு எடுத்தாண்ட பெயர்களில் மந்தைவெளியும் ஒன்று. மேய்ந்த நிலத்தைத் தரிசு என்று எழுதினால் அது யாருக்கும் வேண்டாத நிலமாகிவிடும். மந்தைவெளி என்றே எழுதுவோம். அது யாருக்கு உரியது என்பதை அந்தப் பெயரே சொல்லும்.