துறையும் கயிறும்

மானிப்பாய் என்றதும் அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் கிறீனின் பெயரே நினைவுக்கு வரும். மசாசூசெற்ஸ் மாநிலத்தவரான அவர் 1847இல் பாய்க்கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். கப்பலேறி வந்தவரையும் அவர் தந்த நூல்களையும் வரலாறு போற்றுகின்றது. ஆயின், அக்காலக் கலங்களைத் துறையிற் பிணைத்துக் காத்த கயிற்றினை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடலில் தப்பிய கலம் துறையில் உடைவதும் உண்டு.

ஒடுங்கிய துறையிற் பாய்க்கலத்தைக் கட்டுதல் நுண்ணிய தொழிலாகும். பாயை இறக்கியபின் கலம் தானாக அசையாது. கயிற்றால் இழுத்தே அதனை உள்ளே கொணர்தல் வேண்டும். முற்புறத்தும் பிற்புறத்தும் கட்டப்படும் கயிறுகள் கலம் கரையினின்று விலகாது தடுக்கும். முற்புறத்திலிருந்து பின்னோக்கியும் பிற்புறத்திலிருந்து முன்னோக்கியும் சாய்வாகச் செல்லும் இரு நீண்ட கயிறுகள் அது முன்பின் நகராது காக்கும். கயிறு மிக இறுகின் நீர் வற்றும்போது அறும். மிகத் தளரின் கலம் அயற்கலத்தில் மோதும்.

இத்தொழில் தமிழருக்குப் புதியதன்று. உப்பு விற்று நெல்லோடு மீண்ட படகுகள், பந்தியிற் கட்டிய குதிரைகள்போலக் கழிக்கரைத் தறிகளிற் பிணைக்கப்பட்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்தின் பழந்துறைகளுள் ஊர்காவற்றுறை தலையாயது. வேலணைத் தீவுக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடற்காலில் அது அமைந்துள்ளது. போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழியில் ‘கைஸ்’, அதாவது கப்பலை அணைத்து நிறுத்தும் கரை என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கயிற்ஸ்’ அதன் திரிபே. அவர்களுக்கு முன்னரே, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வருதல் வேண்டும் என்றும் அவர்கள் காக்கப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் காற்பங்கும், வாணிபக் கலம் உடைந்தால் அரைப்பங்கும் அரசுக்கு உரியன, எஞ்சியது உடையவனுக்கு. ஒரு கலத்தின் இழப்பு அரசாணை வேண்டிய அளவுக்குப் பெரிதாயிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

1938இல், வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கரான றொபின்சனால் வாங்கப்பெற்றுப் பெயர் மாறி, வல்வை மாலுமிகளால் மசாசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைக்குச் செலுத்தப்பட்டது. கிறீன் வந்து 91 ஆண்டுகளின் பின் அவரது மாநிலத்துத் துறையிலே தமிழர் கைகள் கயிறு கட்டின. பயணங்களை மட்டும் எழுதிக் கயிறு பிடித்த கைகளை மறப்பின், நம் கடல் வரலாறு குறையுடையதாகவே இருக்கும்.