வங்கக் கடலின் இரு கரைகள்: 1942ஆம் ஆண்டுப் போரும் கல்முனைக் கரையும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைத்தளபதிகளின் வரைபடங்களை முன்வைத்தே எழுதுகின்றனர். அவ்வரைபடங்களில் துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்த்தாங்கியும் புள்ளிகளாக இடம்பெறும். வயலும் வாடியும் இடம்பெறா. இரண்டாம் உலகப் போரில் இலங்கை என்றதும் கொழும்பும் திருகோணமலையும் மட்டுமே நினைவுக்கு வருவது இதனாலேயாகும். மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் கரை அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாக இருந்தது. போரின் ஏடுகளில் அதற்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. ஆயினும் பல களங்களில் ஒருங்கே நடைபெறும் போரில், குண்டு விழுந்த இடமே போர் தீண்டிய இடம் எனக் கொள்வது பொருந்தாது. 1942இல் இக்கரையின் வாழ்வைத் தீர்மானித்த போர்முனை கடலுக்கு அப்பால், றங்கூனில் இருந்தது.

அவ்வாண்டின் முதல் நான்கு மாதங்களை நோக்குவோம். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் யப்பானியர் றங்கூனுள் நுழைந்தனர். மார்ச் 23இல் அந்தமான் தீவுகள் அவர்கள் வசமாயின. ஐரோப்பாவிலோ லெனின்கிராட் நகரம் முற்றுகைக்குள் கிடந்தது. வட ஆபிரிக்கப் பாலையில் றொம்மலின் படை பிரித்தானியரை எதிர்த்து நின்றது. அத்திலாந்திக்கில் யேர்மனிய நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரையோரத்திலேயே வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு களமும் மற்றொன்றின் கப்பலையும் விமானத்தையும் பறித்துக்கொண்டது. இந்து சமுத்திரத்துக்கு எஞ்சியவை பெரும்பாலும் பழைய கப்பல்களே. மார்ச் மாதத்தில் அட்மிரல் லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டு, ஆளுநர் கல்டிகொட்டுக்கும் மேலான அதிகாரத்தைப் பெற்றார். கீழைக் கடற்படையின் பொறுப்பு அட்மிரல் சொமர்வில்லிடம் வந்தது.

யப்பானிய வைஸ் அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இலங்கையை நோக்கி வந்தார். ஏப்பிரல் 4ஆம் நாள் கொக்கலைத் தளத்திலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல், அப்படையைக் கண்டு செய்தி அனுப்பியபின் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது; அன்றே டோர்செற்சயர், கோர்ன்வோல் எனும் இரு போர்க்கப்பல்கள் தென்கடலில் மூழ்கின. அதே வேளை அட்மிரல் ஒசாவாவின் மற்றொரு படைப்பிரிவு வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. ஏப்பிரல் 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. ஏப்பிரல் 9ஆம் நாள் காலை திருகோணமலையின் முறை வந்தது. சீனன்குடாவில் தீப்பற்றிய எண்ணெய்த்தாங்கி பல நாட்கள் எரிந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்குதலுக்கு முன்பே வெறுமையாக்கும் நோக்குடன், அங்கிருந்த கப்பல்கள் முதல் நாளிரவே தெற்கு நோக்கி அனுப்பப்பட்டிருந்தன. மட்டக்களப்புக் கரையோரக் கடல் போர்க்களமானது இவ்வாறே. அக்கப்பல்களுள் முதன்மையானது ஹேர்மிஸ். தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிடப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அதுவே. எனினும் வேலை தாமதித்தமையால், அவ்வகையில் முதலிற் கட்டி முடிக்கப்பட்ட பெருமையை யப்பானின் ஹோசோ தட்டிக்கொண்டது. வரலாறு சிலவேளை இப்படியும் முன்குறி காட்டுவதுண்டு. அன்று காலை ஹேர்மிஸின் தளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமான அணி சீனன்குடாவிலே தங்கியிருந்தது. அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர் மட்டுமே உடன் சென்றது.

யப்பானியப் போர்க்கப்பல் ஹருணாவிலிருந்து புறப்பட்ட வேவு விமானமொன்று ஹேர்மிஸைக் கண்டது. அச்செய்தியை இடைமறித்து அறிந்த பிரித்தானியர், திருகோணமலையின் பாதுகாப்புக்குள் திரும்பும்படி கப்பலுக்குக் கட்டளையிட்டனர். அது வடக்கு நோக்கித் திரும்பி வருகையிலே, காலை பத்தரை மணியளவில், எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அதனைச் சூழ்ந்தன. மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் அரைமணி நேரத்துக்குள் யாவும் முடிந்தது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்து வம்பயர் பிளந்து மூழ்கியது. அதற்கும் தெற்கே, கல்முனைக்கு அப்பாலான நீர்ப்பரப்பில், அதெல்ஸ்ரேன் எனும் எண்ணெய்க் கப்பலும் அதற்குத் துணையாகச் சென்ற ஹொலிஹொக் எனும் சிறு போர்க்கப்பலும் வீழ்த்தப்பட்டன. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காக்கவேண்டிய கப்பல் கடலடியிற் கிடந்தது. அவ்வழியே வந்த வீற்றா எனும் வைத்தியக் கப்பல் சுமார் 600 பேரை நீரிலிருந்து மீட்டது. பின்னாளிற் கடலடியிற் கண்டறியப்பட்ட ஹேர்மிஸின் உடல் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கவிழ்ந்து கிடக்கின்றது.

அதே ஏப்பிரல் 9ஆம் நாளிலேயே பிலிப்பைன்சின் பற்றான் குடாநாட்டில் அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் சரணடைந்தன. இவ்வொற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடல் எளிது. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே திட்டத்தின் இரு முனைகளாகும். தென்கிழக்காசியாவின் எண்ணெயையும் றப்பரையும் அரிசியையும் கைக்கொள்வதே யப்பானின் குறிக்கோள். பிலிப்பைன்சில் நடந்தது அதன் கிழக்குக் காவல், வங்கக் கடலில் நடந்தது அதன் மேற்குக் காவல். நகுமோவின் கப்பல்களில் இலங்கையைக் கைப்பற்றும் தரைப்படை இருக்கவில்லை. பர்மாவிலிருந்த யப்பானியப் படைக்குக் கடல்வழியே துணையும் உணவும் சேர்வதற்கு வழிதிறப்பதும், பிரித்தானியக் கடற்படையை அப்புறப்படுத்துவதுமே அவர் பணி. அது நிறைவேறிற்று. சொமர்வில்லின் கப்பல்கள் பம்பாய்க்கும் கிழக்காபிரிக்காவின் கிலின்டினிக்கும் பின்வாங்கின. நகுமோவும் திரும்பிச் சென்றார். இலங்கையைத் தாக்கிய அந்த ஐந்து விமானந்தாங்கிகளுள் அக்காகி, ஹிரியு, சோரியு ஆகிய மூன்றும் இரு மாதங்களுக்குள் மிட்வேயில் அழிந்தன. படைத்துறை வரலாறு இலங்கை அத்தியாயத்தை இங்கேயே முடித்துவிடுகின்றது.

கல்முனைக் கரையின் அத்தியாயமோ இங்கேதான் தொடங்குகின்றது. போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மா அரிசி. தேயிலையும் றப்பரும் விற்று அரிசி வாங்குவதே குடியேற்ற ஆட்சி வகுத்த பொருளாதாரம். பர்மா, சீயம், இந்தோசீனம் ஆகிய மூன்று பெரும் அரிசி ஏற்றுமதி நாடுகளும் யப்பானின் பிடிக்குள் வந்தபோது அவ்வொழுங்கு ஒரே மாதத்திற் சரிந்தது. எஞ்சிய இடங்களிலிருந்து உணவு கொண்டுவரும் கப்பல்களும் மற்றக் களங்களின் தேவைக்குப் போட்டியிடவேண்டியிருந்தன.

அரிசி பங்கீட்டுக்கு வந்தது. வெறுங்கடதாசித் துண்டாகிய ‘கூப்பன்’ வீட்டுக்கு வீடு பேசப்படும் சொல்லாயிற்று. அவுஸ்திரேலியக் கோதுமை மா சமையலறைக்குள் நுழைந்து, போர் முடிந்த பின்னும் வெளியேற மறுத்தது. கிழக்குக் கரைக்கோ இதனினும் நேரடியான தாக்கம் இருந்தது. அது உண்பவரின் கரை மட்டுமன்று, விளைவிப்பவரின் கரையுமாகும். பட்டிப்பளை ஆற்று நீரையும் அம்பாறைக்குளம், இறக்காமக்குளம் போன்ற குளங்களையும் நம்பிய கரைவாகு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகள் நாட்டின் மிகைநெல் விளையும் சில பகுதிகளுட் சேர்ந்தவை. றங்கூன் வீழ்ந்த மார்ச் மாதமோ பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடிக்கும் காலம்.

1942இல் அரசு உள்நாட்டு நெற்கொள்வனவுத் திட்டத்தைத் தொடக்கியது. விளைச்சலின் ஒரு பகுதியை, அரசு குறித்த விலைக்கு, அரசுக்கே விற்றாகவேண்டும். அதுவரை களவெட்டியிற் குவிந்த நெல்லுக்குப் போடியார், முல்லைக்காரர், வட்டவிதானை, வண்ணான், நாவிதன் என உரியவர் யாவர் என்பது ஊர் வழக்கினால் வரையறுக்கப்பட்டிருந்தது. இப்போது கண்ணிற்படாத புதிய பங்காளி ஒருவர் களத்துக்கு வந்தார். வெளிச்சந்தை விலை குறித்த விலையினும் மேலேறி நின்றமையால், இக்கட்டாயத்தின் சுமை ஒருவகை வரியாகவே அமைந்தது. நிலமுடையோர் அதனைத் தாங்கும் வலிமை பெற்றிருந்தனர். பங்குக்கு உழுதவரிடம் அவ்வலிமை இருந்ததெனக் கொள்ள இடமில்லை. முஸ்லிம் போடியாருக்கும் தமிழ்ப் போடியாருக்கும் இதில் வேறுபாடு இருக்கவில்லை. இரு சமூகத்து உழவருக்கும் இருக்கவில்லை.

இக்கரையினர் பட்டது துன்பமெனினும், கடலின் மறுகரையோடு ஒப்பிடுகையில் அதன் அளவு விளங்கும். அதே பர்மா அரிசியை இழந்து, கரையோரப் படகுகள் யப்பானியர் கைக்குப் போகாதிருக்கவென்று அரசாற் பறிக்கப்பட்டும் போன வங்காளத்தில், 1943இன் பஞ்சத்துக்கு 20 முதல் 30 இலட்சம் மக்கள் இரையாயினர். இலங்கையில் அத்தகைய பேரழிவு நேராமைக்குப் பங்கீடு உரிய காலத்தில் நாடெங்கும் விரிக்கப்பட்டமை ஒரு முக்கிய காரணம். 1931 முதல் வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை இருந்த நாட்டில் மக்களைப் பட்டினியிட அமைச்சர்கள் அஞ்சியிருப்பர் என்பதும் கருதத்தக்கது. வங்காளத்து ஏழை உழவனுக்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை. (இலங்கைப் பல்கலைக்கழகமும் இந்நெருக்கடிக்கிடையே, 1942 யூலை முதலாம் நாளிலேதான் தோன்றியது.)

போர் 1945இல் முடிந்தது. அது எழுப்பிய அரிசி அச்சம் முடியவில்லை. கூப்பன் முறை 1970களின் இறுதி வரை நீடித்தது. பங்கீட்டரிசியின் விலையை உயர்த்தியமை 1953இல் பெரும் ஹர்த்தாலைத் தோற்றுவித்து ஒரு பிரதமரைப் பதவி துறக்கச் செய்தது. வரண்ட வலயத்தைக் குடியேற்றங்களால் நெற்களஞ்சியமாக்கும் திட்டம் விவசாய அமைச்சர் டீ. எஸ். சேனாநாயக்காவிடம் போருக்கு முன்பே இருந்ததாயினும், றங்கூனின் வீழ்ச்சி அதற்கு மறுக்கவொண்ணாத நியாயத்தை அளித்தது. 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, கரைவாகு, சம்மாந்துறை வட்டைகளுக்கு நீரூட்டிய ஆறு ஒரு தேசியத் திட்டத்தின் உடைமையாயிற்று. ஆற்றின் மேற்புறத்தே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து தென்பாகம் பிரிக்கப்பட்டு ஒரு புதிய மாவட்டமானது. அதன் தலைநகராகக் கடற்கரைப் பட்டினமான கல்முனை தெரிவுசெய்யப்படவில்லை. குடியேற்றத்தோடு வளர்ந்த அம்பாறையே தெரிவாயிற்று.