செஞ்சிக் கோட்டையும் நாவல் எழுத விழைவோரும்

நாவல் எழுத விழையும் இளைஞர்கள் சிலர் நம்மை நாடி வருவதுண்டு. அவர்கள் கூறும் குறைகள் பெரும்பாலும் இரண்டே. எழுதத்தக்க பொருள் கிடைக்கவில்லை என்பது ஒன்று. போதிய கல்வி இல்லை என்பது மற்றொன்று. முதற் குறைக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செஞ்சியில் இராசகிரியின் அடிவாரத்தில் சற்றே நின்று சிந்தித்தாலே போதும்.

1649இல் பீஜப்பூர்ப் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. 1677இல் அது சிவாஜியின் வசமாயிற்று. 1690இல் முகலாயர் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. பின்னர்க் கோட்டைக்கு அதிபதியாக இருந்த சுவரூப்சிங் 1714இல் மறைய, அவருடைய மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். திறைப் பாக்கியை முன்னிட்டு ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லாகான் படையெடுத்து வந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே தேஜ்சிங் களத்தில் வீழ்ந்தார். மக்கள் போற்றும் தேசிங்குராஜன் இவரே. ஓராண்டும் நிறைவுறாத அந்த ஆட்சிக்கு அரசியல் வரலாறு ஒதுக்கும் இடம் மிகச் சிறிது.

ஆனால், கதைப்பாடல் அவரை மறக்கவில்லை. அவருடைய தோழர் மகபத்கானையும் மறக்கவில்லை. மணக்கோலத்தில் இருந்த மகபத்கான், நண்பரின் அழைப்புக் கிடைத்ததும் மணப்பந்தலை விட்டெழுந்து களம் புகுந்து உயிர் நீத்தார் என்பது கதை. அவருடைய அடக்கத்தலம் என மக்கள் காட்டும் இடம் செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் உள்ளது. படையெடுத்து வந்த நவாபும் முஸ்லிம். ராஜபுத்திர நண்பருக்காக உயிர் ஈந்தவரும் முஸ்லிம். மதத்தின் பெயரால் மட்டும் வரலாற்றைப் பகுத்துப் பார்ப்போர்க்கு இது விளங்காது. மனித உள்ளத்தை அறிந்தவர்க்கே விளங்கும்.

பந்தலில் விடப்பட்ட மணமகள் என்ன நினைத்தாள்? அவளுக்கு ஆறுதல் கூறியவர் யார்? இவை குறித்து வரலாறு வாய் திறவாது. அங்கேதான் நாவலாசிரியரின் பணி தொடங்குகிறது. தெரிந்ததைத் திரிக்காமல், தெரியாததை உணர்ந்து எழுதுவதே அப்பணிக்குரிய அறம்.

இனி, கல்விக் குறைக்கு வருவோம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. எனினும், 1938இல் அவருடைய 'காதலா கடமையா' வெளிவந்தபோது அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். அவருக்கும் முன்பே, 1885இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறி அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்பற்ற முன்மாதிரிகள் பெருகட்டும் என்று அவர் காத்திருந்தாரில்லை.

அரபு மொழியில் இன்று நாவலுக்கு 'ரிவாயத்' என்று பெயர். ஹதீஸ் கலையில், கேட்டதைப் பிறர்க்கு அறிவிப்பதையும் அச்சொல்லே குறிக்கும். நீர் சுமக்கும் ஒட்டகத்தைப் பண்டை அரபியர் 'ராவியா' என்றனர். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆகவே, கதை சொல்வோரும் தாகித்தோர்க்கு நீர் சுமப்பவரே அன்றோ!

இளைஞர்களே, நீலாம்பூண்டிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பிய அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள். அது செம்மையாக அமையாவிடினும் கவலை வேண்டா; மறுநாள் திருத்துவதற்கு உங்கள் கையில் ஒரு பக்கம் இருக்கும்.