எட்டயபுரத்தில் உமறுவின் மண்டபம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரம் சிற்றூரேயாயினும் மூன்று பெரியோரின் நினைவைத் தாங்கி நிற்பது. 1835இல் இங்கு மறைந்த இசைமேதை முத்துசாமி தீட்சிதரின் சமாதி இவ்வூரிலேயே உள்ளது. 1882இல் இங்குப் பிறந்த பாரதிக்குக் கல்கியின் பெருமுயற்சியால் எழுந்த மணிமண்டபம் 1947இல் இராஜாஜியால் திறக்கப்பெற்றது. இவ்விருவருக்கும் முன்னரே இம்மண்ணில் அடங்கிய உமறுப் புலவருக்கு அரசு மணிமண்டபம் திறந்ததோ 2007இல்தான். தாமதத்தைக் குறையாகச் சொல்ல நாம் வரவில்லை. அம்மண்டபத்தில் ஒருவர் பெயரே விளங்குகிறது. அப்பெயருக்குப் பின்னே நிற்போர் சிலரை நினைவுகூர்வதே நம் நோக்கம்.

உமறுவின் காலம் 1642 முதல் 1703 வரை என்பர். அவருக்குத் தமிழ் புகட்டிய ஆசான் எட்டயபுரம் அரசவைப் புலவராய் விளங்கிய கடிகைமுத்துப் புலவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் காப்பியமாக்கிய புலவருக்கு யாப்பும் அணியும் கற்பித்தவர் ஓர் இந்துப் பெரியார் என்பதை நம்மவருட் பலர் அறிவர். ஆயினும் அறிந்த அளவிற்குப் பேசுவதில்லை. ஆசானுக்குப் பின் அவ்வவைக்களப் புலமையும் மாணவருக்கே வாய்த்தது.

தமிழ் கைவந்தது, பாடுபொருள் அரபியிலன்றோ இருந்தது! 'சீறா' என்னும் சொல்லே வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி காப்பியம் பாடத் தூண்டினார். மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் புலவர் வரலாற்றுச் செய்தி வேண்டிச் சென்றார் என்பது வழிவழி வரும் செய்தி. பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் அவற்றை எடுத்துரைத்ததாகவும் அதே மரபு கூறும். சீதக்காதி மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவு தந்தார். நூலில் பல இடங்களில் பாராட்டப்பெறுபவர் இவரே. தொடங்கி வைத்த வள்ளலின் பெயர் அதில் இல்லாதது இன்றும் ஆய்வாளர் வாதத்திற்குரிய புதிராகவே உள்ளது.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். ஆயினும் பெருமானாரின் இறுதிக் காலம் வரை காப்பியம் செல்லவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைக் காயற்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடி நிறைவு செய்தார்.

இவை யாவும் ஏட்டுச் சுவடிகளில் கிடந்தன. சுவடியின் ஆயுள் எவ்வளவு என்பது தமிழர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கறையான் தின்ற காப்பியங்கள் எத்தனையோ! அக்கதி சீறாவுக்கு நேராமற் காத்தவர் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். தாமே காப்பியங்கள் இயற்றிய அப்பெரியார், தம் நூல்களோடு நின்றுவிடாது, பிறிதொரு புலவரின் ஏடுகளைத் தேடித் திரட்டி 1842இல் அச்சேற்றினார். உமறு பிறந்து 200 ஆண்டுகள், மறைந்து 139 ஆண்டுகள் கழிந்திருந்தன. எட்டயபுரத்தில் மண்டபம் எழ அதன்பின் இன்னும் 165 ஆண்டுகள் ஆயின.