இரு ஞாயிறு கண்ட பறப்பு

நேயர்களே, அயல்நாடு சென்று மீளும் நம்மவர்கள், பத்து மணிநேரம் ஓர் ஆசனத்தில் அடங்கியிருந்ததைப் பெருந்துன்பமாக எடுத்துரைக்கக் கேட்கின்றோம். கால் மரத்தது, உறக்கம் வரவில்லை என்பன அவர்தம் முறைப்பாடுகள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், நம் நாட்டுத் தென்கரையிலுள்ள ஒரு வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் இடையே, எங்கும் இறங்காமல் முப்பது மணிநேரமளவும் வானில் இருந்த மாந்தரைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதுவரை சிட்னியிலிருந்து இலண்டனுக்குச் சென்ற நீர்விமானங்கள் அவ்வழியே சென்று வந்தன. சிங்கப்பூரை அடுத்து யாவா, சுமாத்திரா, அந்தமான் ஆகியனவும் யப்பானியர் வசமாயின. பாதை அறுந்தது. எஞ்சியது ஒரே வழிதான்: இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடப்பது. பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிவரை, ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் இச்சேவையைத் தொடங்கியது.

இதற்கெனக் கிடைத்தவை கற்றலினா என்னும் ஐந்து நீர்விமானங்கள். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் அளவே அவற்றின் வேகம். இத்துணைத் தூரம் செல்லவேண்டிய எரிபொருளை ஏற்றியபின் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. குளிர் காக்கும் உட்பூச்சுகளையும் பிற பொருள்களையும் கழற்றி எறிந்தனர். தற்காப்புக்கு ஆயுதமும் இல்லை. இவ்வளவும் செய்தபின் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளையும் 69 கிலோகிராம் அஞ்சலையுமே. அஞ்சலுள் அரசாங்கக் கடிதங்களும் போர்வீரர் கடிதங்களும் இருந்தன. மூவரை ஏற்றிச் செல்ல இத்துணை முயற்சியா என ஒரு மாணவன் என்னிடம் வினவியதுண்டு. வழி முற்றாக மூடவில்லை என்பதை உறுதிப்படுத்த அந்த மூவரும் அஞ்சற்பையும் போதுமாயிருந்தன என்பதே என் விடை.

யப்பானிய விமானங்கள் சுற்றித் திரியும் கடற்பரப்பை இருளிலேயே கடக்குமாறு நேரத்தைக் கணித்தனர். பகைவர் செவியிற் படாதிருக்க வானொலியையும் மௌனமாக்கினர். எனவே வழிகாட்ட எஞ்சியவை விண்மீன்களே. ஐந்து விமானங்களுக்கும் அவர்கள் விண்மீன்களின் பெயர்களையே இட்டனர். அல்ரெயர், வேகா, அன்ராறெஸ், ஸ்பைக்கா, றைகல் என்பன அப்பெயர்கள். நேயர்களே, இவை நமக்குப் புதியனவல்ல. அல்ரெயர் நம் திருவோணம், வேகா அபிசித்து, அன்ராறெஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. பஞ்சாங்கத்தில் நாம் நாள் பார்க்கும் மீன்களைப் பார்த்து அம்மாலுமிகள் திசை பார்த்தனர்.

உள்ளே இருந்தோரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பொறிகளின் ஓயாத இரைச்சல். உடலை ஊடுருவும் குளிர். கீழே கரையற்ற நீர். எதிர்க்காற்று வீசினால் பயணம் இன்னும் நீளும். இச்சேவையில் மிக நீண்ட பறப்பு 32 மணிநேரத்தையும் கடந்தது. ஒரே பயணத்தில் இருமுறை ஞாயிறு எழுவதைக் கண்டமையால், பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. வேடிக்கைக்கென எழுந்த சங்கமாயினும் அதில் உறுப்பினராவது எளிதன்று. 1945 யூலையில் சேவை முடிவடையும்வரை 271 தடவைகள் சமுத்திரத்தைக் கடந்தனர்.

இனி, அவர்கள் வந்திறங்கிய இடத்தைப் பற்றியும் கூறவேண்டும். தென்னைகள் சூழ்ந்த அழகிய வாவி. 1942 ஏப்பிரில் 4 ஆம் நாள், கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் இங்கிருந்தே கற்றலினாவொன்றிற் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவர் சிறைப்பட்டார், மறுநாட் காலை கொழும்பு தாக்கப்பட்டது. இவை நம் நூல்களில் எழுதப்பட்டுள்ளன. அதிகம் எழுதப்படாத செய்தி ஒன்றுண்டு. விமானத்தளம் அமைப்பதற்காகக் கொக்கல கிராமத்து மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வீடுகள் இடிக்கப்பட்டன. களைத்து இறங்கிய பயணி, தான் கால் வைத்தது அண்மைக்காலம்வரை பிறர் குடியிருந்த மண் என்பதை அறிந்திருப்பானோ என்பது ஐயமே. முப்பது மணிநேரத்தில் ஒரு புதிய நாட்டை அடைந்தான் அவன். சொந்த நாட்டிலேயே அந்நியராவதற்கு அவ்வூரார்க்கு அத்துணை நேரமும் தேவைப்படவில்லை.

போர் முடிந்தபின் அவ்விமானங்களுட் பெரும்பாலானவை பேர்த் நகருக்கு அப்பால், ரொட்னெஸ்ட் தீவையடுத்த கடலில் மூழ்கடிக்கப்பட்டன. பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடையில் எங்கும் இறங்காத சேவையை 2018 மார்ச்சில் அதே நிறுவனம் ஆரம்பித்தது; ஏறத்தாழப் பதினேழு மணிநேரப் பயணம். அதனினும் நீண்ட பறப்புகளுக்கான தன் திட்டத்துக்குச் ‘சூரியோதயம்’ என்றே அது பெயரிட்டது.

கொக்கலவில் இடிபடாமல் தப்பிய வீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அது. அக்கிராமத்து வாழ்வைப் பொருளாகக் கொண்ட அவரது ‘கம்பெரலிய’ நாவல், நீர்விமானங்கள் வாவியில் இறங்கிக்கொண்டிருந்த 1944 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. வீட்டைச் சூழ இப்பொழுது நாட்டாரியல் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. காலி வீதியால் மாத்தறைக்குச் செல்வோர் இறங்கிப் பார்க்கலாம்.